நூற்றைம்பது கிராம் சாபம்

மூவாயிரம் வருஷப் பழசு வேண்டும் என்றார்கள்,
வியாழக்கிழமைக்குள்.
அஸ்வான் ஆஸ்பத்திரியில் காலாவதியான
கட்டுத்துணி நானூறு சுருள் வாங்கி
பதினோரு கெண்டி தேநீரில் ஊறப்போட்டேன்.
அதில் சர்க்கரை இருந்ததை
யாரும் என்னிடம் சொல்லவில்லை.
ஈக்கள் சொல்லின.

மம்மி வேஷம் படகோட்டி ஃபிக்ரிக்கு.
ஆள் நெட்டை, சதையில் சிக்கனம்.
பாலம் வந்தபின் அக்கரைக்கு ஆள் கிடைக்காமல்
மல்லாந்து கிடக்கப் பழகியவர்.
"படுத்துக் கிடக்கக் கூலியா?"
இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

கதை பெரிதில்லை.
மூன்று அசட்டுத் திருடர்கள், ஓர் ஒட்டகம்,
திறக்கக் கூடாத ஒரு பெட்டி.
மம்மி எழுந்து சபித்தால்
கேட்டவன் மண்ணாய்ப் போவான்.
பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே:
பரண்மேல் இரண்டு பையன்கள்
சல்லடையோடு காத்திருப்பார்கள்.

காலை ஆறுக்குச் சுற்ற ஆரம்பித்தால்
ஒன்பதுக்குக் கழுத்து வரும்.
ஒன்பதே காலுக்கு அவருக்கு ஒன்றுக்கு வரும்.
அசல் மம்மிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.
மறுபடி
கணுக்காலிலிருந்து தொடங்குவேன்.

நாலாம் நாள்
ஓர் ஆடு அவருடைய இடது காலை
முழங்கால்வரை தின்றது. தேநீர் ருசி.
ஐந்தாம் நாள் ஜெனரேட்டர் படுத்தது.
ஆறாம் நாள் ஒட்டகம் சம்பளம் கேட்காமலே
ஊருக்குப் போய்விட்டது.
"சாபம்!" என்றார் இயக்குநர் ஹில்மி தத்ரோஸ்.
சாபத்தை எழுதியவரே அவர்தான்.
மணிக்கட்டில் நீலமணி கட்டிக்கொண்டவரும் அவரே.

ஏழாம் நாள்தான் தெரிந்தது,
சாபத்தை அவர் முழுதாய் எழுதவில்லை.
தாளில் இருந்தது ஒரே வரி:
'பழைய மொழியில் சபிக்கிறது.'
பழைய மொழி தெரிந்த பேராசிரியர்
கெய்ரோவில் மச்சினி கல்யாணத்தில் இருந்தார்.
"உங்கள் நூபிய பாஷையில் ஏதாவது சொல்லுங்கள்,
யாருக்குப் புரியப்போகிறது?
அடிவயிற்றிலிருந்து வரட்டும்."

வந்தது.
கட்டுத்துணி கிழிய, தேநீர்த்தூள் உதிர,
நைல் அடியில் பாறை உருள்வதுபோல் ஒரு குரல்.
ஒலிப்பதிவாளர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு
கையில் சிலிர்த்த மயிரைக் காட்டினார்.
ஹில்மி அழுதார்.
பரண் பையன்கள் மணல் கொட்ட மறந்தார்கள்.

கெய்ரோவில் படம் ஓடியது.
'ஆதிமொழியின் கம்பீரம்' என்று ஒரு பத்திரிகை.
என் தங்கை மகன் மூன்று இரவு
விளக்கை அணைக்க விடவில்லை.

பிறகு ஊருக்குக் காட்ட
படத்தை அஸ்வான் மேற்குக் கரைக்குக் கொண்டுபோனோம்.
திரை, ஃபிக்ரியின் பாய்மரத் துணி.
காற்று வீசும்போது கதாநாயகி கொஞ்சம் கர்ப்பமானாள்.
முன்வரிசையில் மளிகைக்கடை தியாப்,
சொந்த நாற்காலியோடு.

பெட்டி திறந்தது. மம்மி எழுந்தது. சபித்தது.
ஒரு கணம் தவளைச் சத்தம்கூட இல்லை.
அப்புறம் கரையே வெடித்தது.
ஒருவர் தண்ணீரில் விழுந்தார்.
பின்னாலிருந்த பெண், விக்கலுக்கு நடுவே,
எனக்கு அரபியில் சொன்னாள்:

"தியாப்! ஏ தராசுக்காரா!
பருப்பில் கல், சர்க்கரையில் ஈரம்,
கிலோவுக்கு நூற்றைம்பது கிராம்
உன் கட்டைவிரல்!
போன நோன்புக்கு வாங்கிய எண்ணெய்க்கு
ரெண்டு தரம் காசு வாங்கினவனே,
எழுந்து வருவேனடா,
கணக்கு நோட்டோடு வருவேன்!"

திரையில் திருடன் மணலாய்ச் சரிந்தான்.
தியாப் சரியவில்லை.
நாற்காலியை மடக்கினார்.
யார் யார் சிரித்தார்கள் என்று
ஒருமுறை நிதானமாய்ப் பார்த்தார்.

மறுநாள் ரயிலுக்குமுன்
அவர் கடையில் ஒரு கிலோ பருப்பு வாங்கினேன்.
முள் நிற்கும்வரை
இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.
நின்றபின் ஒரு பிடி
மேலே போட்டார், என் முகத்தைப் பார்க்காமல்.

இப்போது இரண்டாம் பாகம் பேச்சு நடக்கிறது.
ஃபிக்ரி தொலைபேசினார்.
கடைசி இரண்டு நாள் கூலி
இன்னும் வரவில்லையாம்.
தயாரிப்பு நிர்வாகியின் முழுப்பெயரை
எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.
சொன்னேன், நிதானமாக,
அப்பா பெயரையும் சேர்த்து.